பளபளக்காத தங்கம்

1908-ஆம் ஆண்டு பிலடெல்பியா அக்கசாலை வெளியிட்ட புரூஃப் தங்க நாணயங்களை வாங்கிப் பார்த்த சேகரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். அதுவரை புரூஃப் என்றால் கண்ணாடி என்று பழகியவர்கள் அவர்கள். நாணயத்தைச் சற்றே சாய்த்தால் வெற்றுப் பரப்பில் ஜன்னல் தெரியும், விளக்கு தெரியும், பார்ப்பவர் விரல் தெரியும். அந்த ஆண்டு கைக்கு வந்ததோ காக்கி நிறம் படிந்த, மாவு பூசினாற் போன்ற, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒளியை விழுங்கிக்கொள்ளும் தங்கம். பலர் அடுத்த ஆண்டே வாங்குவதை நிறுத்தினார்கள். 1915-க்குப் பிறகு அக்கசாலையும் புரூஃப் தங்கம் அச்சிடுவதை நிறுத்திவிட்டது. அன்று வேண்டாம் என்று தள்ளப்பட்ட அதே நாணயங்கள்தாம் இன்று அமெரிக்க நாணயச் சேகரிப்பின் மிக உயர்ந்த படிகளில் ஒன்றாக இருக்கின்றன.

இவற்றைப் பற்றி நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க புரூஃப் தங்கத்தில் விலை கொடுத்து வாங்கத் தக்கது அதன் மேற்பரப்பு ஒன்றுதான். அக்கசாலைத் தொழிலாளி எப்படி விட்டாரோ அப்படியே இருக்கும் மேற்பரப்பு. அபூர்வம், வரலாறு, தரப்புள்ளி எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஏன் என்று விளக்கக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

புரூஃப் என்பது நாணயம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அல்ல. எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் சொல். கடைவீதிக்குப் போகும் நாணயத்தை வேகமாக ஓடும் இயந்திரம் ஒரே அடியில் அச்சடித்துத் தொட்டியில் தள்ளும். புரூஃப் நாணயத்துக்குத் தனி அச்சு, தேர்ந்தெடுத்த வில்லை, பதக்கம் அச்சிடும் நீரழுத்தப் பொறியின் மெதுவான, கனத்த அழுத்தம். அச்சானதும் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைப்பார்கள். சேகரிப்பாளர்களுக்கென்றே முகமதிப்புக்கு மேல் ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அக்கசாலை இவற்றை விற்றது. புழங்கித் தேய்ந்தாலும் புரூஃப் புரூஃப்தான். புழங்கவே புழங்காத சாதாரண நாணயம் எத்தனை அழகாக இருந்தாலும் புரூஃப் ஆகாது.

புதிய நூற்றாண்டு பிறந்தபோது நான்கு தங்க நாணயங்கள் புழக்கத்தில் இருந்தன: இரண்டரை டாலர், ஐந்து டாலர், பத்து டாலர், இருபது டாலர். கழுகு பொறித்த பத்து டாலரை ஈகிள் என்றும் இருபதை டபுள் ஈகிள் என்றும் அழைத்தார்கள். எல்லாமே பத்தில் ஒன்பது பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு. டபுள் ஈகிளின் எடை 33.436 கிராம். நம் கணக்கில் நான்கு பவுனுக்குச் சற்று மேல். 1904-இல் பிலடெல்பியாவில் 62 லட்சத்துக்கும் அதிகமான டபுள் ஈகிள்கள் புழக்கத்துக்காக அச்சாயின. அதே ஆண்டு புரூஃப் டபுள் ஈகிள் எத்தனை தெரியுமா? 98.

1900 முதல் 1907 வரையிலான, சுதந்திரத்தின் உருவமான லிபர்ட்டி என்ற பெண்ணின் தலை பொறித்த இந்த நாணயங்கள் கண்ணாடி வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. 1901 வரை வந்தவற்றில் களம், அதாவது உருவத்தைச் சுற்றிய வெற்றுப் பரப்பு, கண்ணாடியாகவும் பெண்ணின் தலை பனி படர்ந்தாற் போல வெண்மையாகவும் இருக்கும். அந்த எதிரெதிர்த் தோற்றத்துக்காகவே இன்று சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். 1902-லிருந்து அச்சில் தலைப்பகுதியையும் சேர்த்து மெருகேற்றத் தொடங்கினார்கள். முழு நாணயமும் ஒரே பளபளப்பாயிற்று. அந்தப் பளபளப்பில் உருவம் கரைந்துபோகிறது என்பது என் எண்ணம். பனி படர்ந்த தலையின் உயிர் 1902-க்குப் பிறகு வந்தவற்றில் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் குறுக்கே வந்தார். 1904 டிசம்பர் 27-இல் கருவூலச் செயலர் லெஸ்லி ஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் நாணயங்கள் கலை நோக்கில் சகிக்க முடியாத அளவுக்கு அசிங்கமாக இருக்கின்றன, செயின்ட் காடன்ஸ் போன்ற ஒரு சிற்பியை வைத்து இவற்றை மாற்ற முடியாதா என்பது அதன் சாரம். அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் அன்றைய அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பி. நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்ற ஊரில் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். ரூஸ்வெல்ட்டும் அவரும் பழைய கிரேக்க நாணயங்களின் உயர்ந்த புடைப்பை விரும்பினார்கள். டாலரும் அப்படி வர வேண்டும் என்றார்கள். அக்கசாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் இது நடக்காத காரியம் என்றார்.

பார்பரைப் பிடிவாதக்காரர் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான் நியாயம். 1907-இன் தொடக்கத்தில் அச்சான முதல் சோதனை டபுள் ஈகிள்களில் ஒவ்வொன்றுக்கும் நீரழுத்தப் பொறியில் ஒன்பது முறை வரை அழுத்தம் தேவைப்பட்டது. ஒவ்வோர் அழுத்தத்துக்கு இடையிலும் வில்லையைச் சூடாக்கி இளக்கி, மறுபடி அச்சில் சரியாகப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தவை மொத்தமே சுமார் 20. பிறகு புடைப்பைக் குறைத்து, மூன்று அழுத்தங்களில் வரும்படி ஆக்கி, அந்த ஆண்டு இறுதியில் சுமார் 12,000 நாணயங்கள் அச்சிட்டார்கள். ஆண்டு ரோமன் எண்களில் இருக்கும். இதைக்கூட வங்கிகளில் ஒழுங்காக அடுக்க முடியவில்லை. கடைசியில் பார்பர் புடைப்பை இன்னும் தாழ்த்தி, ஆண்டைச் சாதாரண எண்களில் போட்டு, லட்சக்கணக்கில் அச்சிடும்படி செய்தார். செயின்ட் காடன்ஸ் இதில் எதையும் பார்க்கவில்லை. 1907 ஆகஸ்ட் 3-இல் அவர் இறந்துவிட்டார். கடைசி மாதங்களில் அச்சுக்கான வார்ப்புகளைச் செய்து முடித்தவர் அவருடைய உதவியாளர் ஹென்றி ஹெரிங்.

முதலில் செய்த அந்த 20 மீவுயர் புடைப்பு நாணயங்களில் ஒன்று 2005 நவம்பரில் 29,90,000 டாலருக்கு ஏலம் போனது. அது புரூஃப் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கும் 12,000-இல்தான். அவற்றில் சிலவற்றுக்கு விளிம்பு கத்திபோல் கூர்மை, களத்தில் சுழல் சுழலாக மெல்லிய கோடுகள், எழுத்துகளுக்குக் கூடுதல் தெளிவு. இவை புரூஃப்களா? அக்கசாலை ஏடுகளில் அப்படி ஒரு பதிவு இல்லை. ஆனாலும் நாணயத் தரமிடும் இரண்டு பெரிய நிறுவனங்களில் என்.ஜி.சி. சிலவற்றைப் புரூஃப் என்று ஏற்கிறது. பி.சி.ஜி.எஸ். ஏற்பதில்லை. அந்தக் கூட்டம் முழுவதுமே பதக்கப் பொறியில், கவனமாகச் செய்யப்பட்டது. அதில் ஒரு பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துப் புரூஃப் என்று சொல்வதற்கு ஆவணம் வேண்டும். அது கிடைக்கும் வரை பி.சி.ஜி.எஸ். பக்கமே நியாயம் என்று எனக்குப் படுகிறது. இந்தத் துறையில் நெடுங்காலம் நாணய ஆய்வாளர் வால்டர் பிரீன் சொன்னதே வேதமாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வாளர் ராஜர் பர்டெட் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் அக்கசாலைக் கடிதங்களைப் படித்த பிறகுதான் எவ்வளவு ஊகம் வரலாறாக நின்றுவிட்டது என்று தெரியவந்தது. அவர் உழைப்புக்கு எல்லாச் சேகரிப்பாளரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

சிறிய நாணயங்கள் இரண்டும் 1908-இல் மாறின. பாஸ்டன் மருத்துவரும் ஜப்பானியக் கலைப்பொருள் சேகரிப்பாளருமான வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ, ரூஸ்வெல்ட்டின் நண்பர். எகிப்தியச் சுவர்ச் சிற்பங்களைப் போல உருவத்தைக் களத்துக்குள் அமிழ்த்திவிட்டால் உயர்ந்த புடைப்பும் கிடைக்கும், நாணயமும் அடுக்க வரும் என்று அவருக்குத் தோன்றியது. பேலா லயன் பிராட் என்ற சிற்பி அதை வடித்தார். இறகுத் தொப்பி அணிந்த பூர்வகுடி மனிதரின் தலை களத்துக்குக் கீழே பதிந்திருக்கும். சாமுவேல் ஹட்சன் சாப்மன் என்ற பிலடெல்பியா நாணய வணிகர் இதைப் பார்த்துக் கொதித்துப்போனார். பள்ளங்களில் அழுக்கு சேரும், நோய் பரவும், கள்ள நாணயம் செய்வது சுலபம், அந்த மனிதர் எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்று ஜனாதிபதிக்கே எழுதினார். பிகலோ விடவில்லை. சிற்பி பார்த்து வடித்தது அண்மையில் எடுத்த ஒரு நிழற்படத்தை, அதில் இருப்பவர் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர் என்று பதில் சொன்னார்.

இனி மேற்பரப்புக்கு வருவோம். கண்ணாடி புரூஃப் வர வேண்டுமானால் அச்சின் சமமான பகுதியைச் சுழலும் தட்டில் வைத்து மெருகேற்ற வேண்டும். செயின்ட் காடன்ஸ் நாணயத்தில் சமமான பகுதியே இல்லை. களம் உருவத்தை நோக்கி மெல்ல ஏறி, விளிம்பை நோக்கி மெல்ல இறங்குகிறது. பிராட்டின் நாணயத்தில் நிலைமை இன்னும் மோசம். நாணயத்தில் உருவம் பள்ளம் என்றால் அச்சில் உருவம் மேடு. மெருகேற்றும் தட்டு களத்தைத் தொடுவதற்கு முன் அந்த மேட்டில் போய் முட்டும். ஆகவே கண்ணாடியை விரும்பியவர்களுக்கு அதைக் கொடுக்க அக்கசாலையிடம் வழியே இல்லை. ஐரோப்பியப் பதக்கக் கலையில், குறிப்பாகப் பாரிஸில், அப்போது மணல்வீச்சு மங்கல் பரப்பு நாகரிகமாக இருந்தது. பிலடெல்பியாவும் அதைப் பின்பற்றியது. நாணயம் அச்சான பிறகு அதன் மேல் நுண்ணிய மணலைக் காற்றழுத்தத்தில் வீசினார்கள்.

உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அத்தகைய பரப்பைப் பார்த்தால் மங்கல் என்ற சொல்லே பொருந்தாது என்று புரியும். ஒவ்வொரு மணல்துகளும் தங்கத்தில் ஒரு சின்னஞ்சிறு சாய்தளத்தை வெட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஆயிரக்கணக்கான அந்தச் சாய்தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஒளியைச் சிதறடிக்கின்றன. விளக்கின் கீழ் நாணயத்தைத் திருப்பினால் பளிச்சென்ற ஒரு கீற்று ஓடாது. பரப்பு முழுவதும் பொடிப்பொடியாக மினுங்கும். லிபர்ட்டியின் ஆடை மடிப்பும், பின்பக்கம் பறக்கும் கழுகின் இறகுக் கோடுகளும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். கண்ணாடி புரூஃபில் இது நடப்பதில்லை. அங்கே பளபளப்பு உருவத்தை மறைக்கிறது. சிற்பி எதைக் காட்ட நினைத்தாரோ அதைக் காட்டுவது இந்த மணல்வீச்சுப் பரப்புதான். 1908-இன் சேகரிப்பாளர்கள் தவறாகத் தீர்ப்பளித்தார்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

முறையீடுகளுக்குப் பிறகு 1909-இலும் 1910-இலும் அக்கசாலை வேறு வழியை முயன்றது. புத்தம்புது அச்சில், பதக்கப் பொறியில் அடித்து, அதற்கு மேல் எதுவும் செய்யாமல் அப்படியே கொடுத்தார்கள். மஞ்சள் நிறத்தில், பட்டுத்துணி போன்ற மெல்லிய ஒளியோடு இருக்கும் இவற்றை ரோமன் மெருகு என்றும் சாட்டின் மெருகு என்றும் சொல்வார்கள். இதுவும் பிடிக்கவில்லை. சாதாரண நாணயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். 1911-இல் மறுபடி மணல்வீச்சுக்கே திரும்பி 1915 வரை அதிலேயே நின்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் மணலின் பருமனும் தங்கத்தின் நிறச்சாயலும் சற்று வேறுபடும். பல ஆண்டுகள் பார்த்துப் பழகியவர்கள் தேதியைப் பார்க்காமலே ஆண்டைச் சொல்லிவிடுவார்கள்.

டபுள் ஈகிள் புரூஃப் 1908-இல் 101, 1909-இல் 67, 1910-இல் 167, 1911-இல் 100, 1912-இல் 74, 1913-இல் 58, 1914-இல் 70, 1915-இல் 50. ஒரு தேசம் முழுமைக்கும் 50 நாணயம். பத்து டாலரில் மிகக் குறைவு 1914, அதுவும் 50. இந்த எண்களை அப்படியே நம்பவும் கூடாது. இரண்டரை டாலருக்கு 1910-இல் 682 என்று ஏட்டில் இருக்கிறது. ஆனால் இன்று அந்த ஆண்டு நாணயம் மற்றவற்றைவிடப் பல மடங்கு கிடைப்பதில்லை. விற்காமல் மீந்தவற்றை உருக்கிவிடுவது அக்கசாலையின் வழக்கம். பெரும்பகுதி அப்படித்தான் போயிருக்க வேண்டும். வாங்கியவர்களிடமும் எல்லாம் தங்கவில்லை. நான்கு நாணயமும் சேர்ந்த ஒரு தொகுதியின் முகமதிப்பு 37.50 டாலர். 1914-இல் ஃபோர்டு தொழிற்சாலை நாள் கூலியை 5 டாலராக உயர்த்தியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்தக் கூலியிலேயே ஏழரை நாள் உழைப்பு இந்தத் தொகுதி. குடும்பத்தில் முடை வந்தபோது பலர் இதை முகமதிப்புக்கே செலவழித்துவிட்டார்கள்.

1933 ஏப்ரல் 5-இல் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 6102-ஆம் எண் ஆணையை வெளியிட்டுப் பொதுமக்கள் தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னார். அதில் ஒரு விலக்கு இருந்தது. சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உள்ள அரிய நாணயங்களைக் கொடுக்க வேண்டியதில்லை. அப்போதைய கருவூலச் செயலர் வில்லியம் உட்டின். அமெரிக்கச் சோதனை நாணயங்களைப் பற்றி 1913-இல் எட்கர் ஆடம்ஸோடு சேர்ந்து நூல் எழுதியவர், தாமே பெரிய தங்க நாணயச் சேகரிப்பாளர். அந்த விலக்கில் அவருடைய கை இருக்கிறது என்று நாணய உலகில் பலர் நம்புகிறார்கள். எப்படியானாலும், அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பொருளே இருந்திருக்காது.

எஞ்சியவற்றைக் காத்தவர்கள் ஒரு சிலர். பென்சில்வேனிய எண்ணெய்த் தொழிலதிபர் ஜான் கிளாப் அக்கசாலைகளிலிருந்து நேரடியாகவே புது நாணயங்களை வாங்கினார். 1906-இல் அவர் இறந்த பின் மகன் அந்தச் சேகரிப்பைப் பேணினார். 1942-இல் பால்டிமோர் வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பர்க் அந்தச் சேகரிப்பு முழுவதையும் 1,00,000 டாலருக்கு வாங்கினார். 1950-இல் அமெரிக்க நாணயங்களின் எல்லா ஆண்டுகளையும் வகைகளையும் சேர்த்து முடித்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அவர் மறைவுக்குப் பின் 1982-இல் தங்கப் பகுதி ஏலத்துக்கு வந்தது. அக்கசாலை, கிளாப், எலியாஸ்பர்க் என்று மூன்றே கை மாறிய நாணயம் என்றால் அதன் மேற்பரப்பைப் பற்றி நாணயமே சாட்சி சொல்கிறது. மருந்து நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசையா லில்லியின் 6,000-க்கும் மேற்பட்ட தங்க நாணயங்கள் 1968-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றை யாரும் இனி விலைக்கு வாங்க முடியாது. பார்க்கலாம், அது போதும்.

இப்போது சந்தை. 1949-இல் வில்லியம் ஷெல்டன் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலையே இன்று எல்லா நாணயங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். பி.சி.ஜி.எஸ். 1986-இலும் என்.ஜி.சி. 1987-இலும் தொடங்கின. நாணயத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஓர் எண் கொடுப்பார்கள். 66-க்கும் 67-க்கும் நடுவே பெரும்பணம் இருக்கிறது. அதனால் பெட்டியை உடைத்து, அதே நாணயத்தை மறுபடி மறுபடி அனுப்பி, ஒரு புள்ளி கூடுமா என்று பார்ப்பவர்கள் உண்டு. நிறுவனங்களின் எண்ணிக்கைப் பட்டியலில் ஒரே நாணயம் மூன்று நான்காகத் தெரிவது இதனால்தான். எண்ணை நம்பி வாங்குகிறவர் யாரோ ஒருவருடைய ஐந்து நிமிஷப் பார்வையை விலைக்கு வாங்குகிறார்.

மணல்வீச்சுப் பரப்பில் கை பட்டால் மறைக்க முடியாது. விரலோ காகித உறையோ லேசாக உரசினாலும் அந்தச் சாய்தளங்கள் நசுங்கி அங்கே ஒரு பளபளப்புப் புள்ளி தோன்றும். டபுள் ஈகிளில் லிபர்ட்டியின் மார்பிலும் முழங்காலிலும் கழுகின் சிறகிலும் முதலில் தேட வேண்டும். பிராட்டின் நாணயங்களில் உருவம் பத்திரமாகப் பள்ளத்தில் இருக்கும். உரசல் எல்லாம் களத்தில்தான். புள்ளியை மறைக்க ஏதாவது பூசியிருந்தால் விளக்கின் கீழ் அந்த இடம் மட்டும் மினுங்காமல் செத்துக் கிடக்கும். இன்னொரு மோசடி, சாதாரண நாணயத்தின் மேல் அக்கசாலைக்கு வெளியே யாரோ மணல் வீசிப் புரூஃப் என்று விற்பது. அதற்கு விளிம்பைப் பார்க்க வேண்டும். உண்மையான புரூஃபின் விளிம்பு சதுரமாக, கூராக நிற்கும். போலியில் விளிம்பு வட்டம் கட்டியிருக்கும், மணலுக்கு அடியில் பழைய கீறல்கள் தெரியும். 1907 உயர்புடைப்பு நாணயத்தில் இன்னும் தேர்ந்த போலி உண்டு. செய்தவர் யாரென்று தெரியாது. கழுகின் நகத்துக்குள் ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைத் தன் கையெழுத்தாகப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்.

எப்படிச் சேர்ப்பது? 1908 முதல் 1915 வரை எட்டு ஆண்டு, நான்கு மதிப்பு, ஆக 32 நாணயங்கள். அத்தனையையும் முடித்தவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். வசதி இருந்தாலும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் காலியான இடத்தை நிரப்பும் அவசரம் கண்ணைக் கெடுக்கும். ஒரே மதிப்பில் மூன்று மெருகுக்கும் ஒவ்வொன்று போதும்: 1907-க்கு முந்தைய கண்ணாடி ஒன்று, ரோமன் மெருகு ஒன்று, மணல்வீச்சு ஒன்று. மூன்றையும் ஒரே விளக்கின் கீழ் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தக் காலத்தின் முழுக் கதையும் கிடைத்துவிடும். இரண்டரை டாலரிலோ ஐந்து டாலரிலோ இதைச் செய்தால் விலையும் டபுள் ஈகிளை விடக் குறைவு. 64 புள்ளியில் கை படாத பரப்பு ஒன்றும் 66 புள்ளியில் பூச்சு பூசியது ஒன்றும் எதிரே இருந்தால் 64-ஐயே எடுங்கள். வாங்குவதற்கு முன் ஏலக்கூடங்களில் ஒரு வருஷமாவது வெறுமனே பார்த்துப் பழகுங்கள்.

அமெரிக்கப் பழைய வீடுகளில், பாட்டியின் இழுப்பறையில், பழைய காகிதத்தில் சுற்றிய மங்கலான தங்க நாணயம் இன்னமும் எங்கோ கிடக்கலாம். யாருக்காவது அப்படி ஒன்று கிடைத்து, அது அழுக்குப் பிடித்தது போலத் தெரிந்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். துணியை எடுக்காதீர்கள். விளிம்பை மட்டும் பிடித்து, அப்படியே கொண்டுபோய்த் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.